பதினேழு விழுந்தது

1984 பிப்ரவரி 9, வியாழன். லூனாஸ்

அப்பாவின் முதுகுப் புண் இன்னும் ஆறவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் நடராஜா வந்து மருந்து வைத்துக் கட்டிவிட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்கச் சொன்னார். அப்பா எழுபத்தெட்டு கிலோ. நான் நாற்பத்தாறு. இதை அவரிடம் சொல்லவில்லை.

பக்கவாதம் வந்து மூன்று மாதமாகிறது. வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. மிச்சமிருப்பது ஒரே ஒரு சொல் — "போ". தண்ணீருக்கும் போ, மூத்திரப் பாத்திரத்துக்கும் போ, கொசு கடித்தாலும் போ. முப்பது வருஷம் ரப்பர்த் தோட்டத்தில் பெரிய கிராணியாக, ஆபீஸ் கணக்கராக இருந்தவர். இஞ்ஞாசிமுத்து கிராணி என்றால் குழந்தைகள்கூட அழுகையை நிறுத்தும். விடியற்காலைப் பெரட்டில், பேர் கூப்பிட்டு முடிந்ததும், ஆட்களைப் பால்மரம் வெட்ட விரட்டிய சொல் அது. எல்லாம் அழிந்த பிறகு அது மட்டும் அழியவில்லை.

சாயந்திரம் சந்திரா வந்தாள். என்னோடு கான்வென்டில் படித்தவள், இப்போது பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அங்கே வேலை பார்த்த வெள்ளைக்கார எஞ்ஜினியர் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போன பெட்டி ஒன்றை என் மடியில் வைத்தாள்.

"ஹாஸ்டல்ல எல்லாரும் பாத்தாச்சு ஜெனவீவ், ஒருத்திக்கும் விளங்கல. லூடோ மாதிரி இருக்கு, ஆனா போர்டே இல்ல லா. நீதான் இங்கிலீஷ் புக்குன்னா விடமாட்டியே."

பெட்டிக்குள் இரண்டு மெல்லிய புத்தகங்கள், அறுகோணக் கட்டம் போட்ட தாள்கள், ஆறு பகடைகள். ஒன்றுக்கு நாலு முகம், ஒன்றுக்கு இருபது முகம். எண்கள் வெறும் குழிகளாக இருந்தன, நிறமில்லை. கிரேயானால் தேய்த்து நிரப்பிக்கொள்ள வேண்டுமாம். அதுவும் பெட்டியிலேயே இருந்தது. அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு உட்கார்ந்து இருபது முகத்தையும் தேய்த்தேன்.

பிப்ரவரி 13, திங்கள்

விளங்கிவிட்டது. ஒருவர் நடுவர். உலகம் முழுவதும் அவர் தலைக்குள் இருக்கிறது. மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரம்: வாள்காரன், மந்திரக்காரன், குள்ளன், திருடன். நடுவர் "முன்னால் ஒரு கதவு" என்பார். என்ன செய்கிறோம் என்று இவர்கள் சொல்ல வேண்டும். ஜெயிப்பது தோற்பது கிடையாது. சாகாத வரைக்கும் போகலாம். நாலைந்து பேர் வேண்டுமாம். நாலைந்து பேருக்கு நான் எங்கே போக?

ஆனால் புத்தகத்தின் பின்பக்கத்தில் பட்டியல்கள் இருக்கின்றன. காட்டில் என்ன எதிர்ப்படும், மலையில் என்ன, சதுப்பில் என்ன, எல்லாமே பகடை விழுவதைப் பொறுத்தது. அப்படியானால் நடுவர் எதற்கு? பகடையையே கேட்டால் போயிற்று.

வெற்றுத் தாள். நடுவில் ஒரு கிராமம். பக்கத்துக் கட்டத்தில் என்ன? உருட்டினேன். காடு. அதற்கடுத்து? மலை. ஒரு கட்டம் ஆறு மைல். ஒவ்வொரு காலையும் வழி தப்பினோமா என்று ஒரு தடவை உருட்ட வேண்டும், எதிரே ஏதாவது வருகிறதா என்று ஒரு தடவை. போகப் போகத்தான் தாள் நிரம்பும். போகாத கட்டத்தில் என்ன இருக்கிறது என்று யாருக்குமே தெரியாது, எனக்கும்தான்.

இந்த வீட்டை விட்டு நான் பாசாருக்கு மட்டும்தான் போகிறேன். இன்று மதியம் பதினெட்டு மைல் நடந்தேன்.

பிப்ரவரி 16, வியாழன்

நாலாவது ஆளும் செத்தான். ஓநாய். இரண்டாம் நாளே. இந்த விளையாட்டு யாரிடமும் இரக்கம் காட்டுவதில்லை. அது எனக்குப் பிடித்திருக்கிறது.

பிப்ரவரி 24, வெள்ளி

இங்கே வெள்ளிதான் வார விடுமுறை என்பதால் தம்பி மோரிஸும் அவன் மனைவி பேட்ரிசியாவும் சுங்கை பட்டாணியிலிருந்து வந்தார்கள். அரை மணி நேரம் இருந்தார்கள். பேட்ரிசியா அப்பாவின் அறை வாசலிலேயே நின்று, கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, "மாமா நல்லா தேறிட்டாரு" என்றாள். மோரிஸ் ஒரு பை ஆரஞ்சு கொண்டுவந்தான். அவரால் ஆரஞ்சு விழுங்க முடியாது என்று மூன்று தடவை சொல்லியாயிற்று.

அவர்கள் போன பிறகு, விளையாட்டில் தீப்பந்தம் தூக்க இரண்டு பேரைக் கூலிக்கு எடுத்தேன். மோரிஸ், பேட்ரிசியா என்று பெயர் வைத்தேன். ஐந்தாவது கட்டத்தில் பேட்ரிசியாவைச் சிலந்தி கடித்தது. பிழைப்பாளா என்று உருட்டிப் பார்க்க வேண்டும். உருட்டவில்லை.

மார்ச் 7, புதன்

இசபெல் பன்னிரண்டு நாளாக உயிரோடு இருக்கிறாள்! என் ஏழாவது ஆள், வாள்காரி. முந்தைய ஆறு பேரும் செய்த தப்பை அவள் செய்வதில்லை: சண்டைக்குப் போவதில்லை, ஓடிவிடுகிறாள். வடக்கே ஒரு உப்பு ஏரி இருப்பதாக வதந்திப் பட்டியலில் விழுந்தது. அதைத் தேடிப் போகிறாள்.

மேசையை அப்பாவின் கட்டிலோரம் இழுத்துப் போட்டிருக்கிறேன். முன்னறையில் இருந்தால் அவர் கூப்பிடுவது கேட்காது. இன்று அவர் "போ, போ, போ" என்று கத்திக்கொண்டே இருந்தார். தண்ணீர் கொடுத்தேன், இல்லை. பாத்திரம் வைத்தேன், இல்லை. புரட்டினேன், இல்லை. பிறகுதான் பார்த்தேன், கண் தாளின் மேல் இருந்தது. இடது கையை நீட்டினார். பென்சிலைக் கொடுத்தேன்.

நான் நதியை வடக்கிலிருந்து இறக்கி, மலையைத் தாண்டி, கிராமத்துக்குக் கொண்டுவந்திருந்தேன். அவர் மலை மேல் ஓடிய கோட்டை அடித்தார். தாள் கிழிந்தது. பிறகு மலையடிவாரத்தைச் சுற்றி நடுங்கி நடுங்கி ஒரு கோடு போட்டார்.

கோபம் வந்தது. ஒரு தாள், ஒரு பென்சில், அதிலும் இவரா?

ஆனால் தண்ணீர் மலை ஏறாதுதான். முப்பது வருஷம் தோட்டத்தில் வாய்க்கால் வெட்டவைத்தவருக்குத் தெரியாதா? நதியை அவர் போட்டபடியே மை வைத்து வரைந்தேன்.

மார்ச் 11, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் அப்பாவுக்கு ஒரு பாத்திரம் உருட்டினேன். குள்ளன். குள்ளர்களுக்குச் சரிவும் சுரங்கமும் அத்துப்படி என்று புத்தகம் சொல்கிறது, பொருத்தம்தான். "என்னா பேரு வைக்கலாம் அப்பா?" என்றேன். "போ" என்றார். வேறென்ன சொல்வார்? குள்ளனின் பெயர் போ.

பகடையை உள்ளங்கையில் வைத்தால் அவரால் மூட முடியவில்லை. ஒரு பிளாஸ்டிக் கோப்பையில் போட்டுக் கொடுத்தேன். மடியில் வைத்த தட்டில் கவிழ்த்தார். அவருக்குக் கிடைத்த முதல் எண்ணே இருபது. வாயின் நல்ல பக்கம் மேலே போயிற்று. சிரிப்பா? கடைசியாக எப்போது பார்த்தேன்?

மார்ச் 29, வியாழன்

தினமும் மதியம் மூன்று மணிக்குத் தானாகவே "போ" என்று ஆரம்பித்துவிடுகிறார். இசபெல் முன்னால், குள்ளன் பின்னால். எந்தப் பக்கம் போவது என்று விரலால் காட்டுவார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சதுப்பைச் சுற்றிப் போகவைத்தார். நான் நேராகப் போயிருப்பேன். நேற்று ஒரு பாறை மனிதன் எதிர்ப்பட்டான். எல்லாரும் எடுத்தவுடன் அடிக்க வருவதில்லை, அவன் மனம் எப்படி என்று முதலில் இரண்டு பகடை உருட்ட வேண்டும். அப்பா உருட்டினார். பதினொன்று. நட்பு. பாறை மனிதன் வழி சொல்லிவிட்டுப் போனான்.

முதுகுப் புண் மூடிக்கொண்டது. "ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ ஒழுங்கா புரட்டறீங்க போல" என்றார் நடராஜா. அதில்லை. இப்போதெல்லாம் உட்கார்ந்திருக்கிறார்.

ஏப்ரல் 22, ஈஸ்டர்

பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் கூப்பிட்டார். சுங்கை பட்டாணியில் கோயில் நடத்தும் தாடிக்காவில், பாலர் பள்ளியில், சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமாம், ஜூலையிலிருந்து. "நீ செய்வேம்மா" என்றார்.

முப்பத்துநாலு வயதில்! வீட்டுக்கு வந்து ஒரே அரிசியை மூன்று தடவை களைந்தேன். ஆனால் அப்பாவை யார் பார்ப்பது? மோரிஸிடம் கேட்க வேண்டும். பாதி வாரம் அவன் வைத்துக்கொள்ளட்டுமே.

ஜூன் 1, வெள்ளி

எழுத வேண்டும். எழுதாவிட்டால் நானே கற்பனை செய்துகொண்டேன் என்று நாளைக்குத் தோன்றிவிடும்.

மோரிஸ் தனியாக வந்தான். சமையலறையில் வைத்துத் தாடிக்கா விஷயத்தைச் சொன்னேன். பாதி வாரம் அப்பாவை அவன் வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தான்.

"பேட்ரிசியா ஒத்துக்கமாட்டா அக்கா."

"நீ கேட்டியா?"

"கேக்கவே வேணாம். அவளப் பத்தி எனக்குத் தெரியாதா?" பிறகு சிரித்தான். "உனக்கு இன்னும் அந்த டீச்சர் ஆச போகலையா? அன்னிக்கே அப்பா அந்தக் கடுதாசிய எரிக்காம இருந்திருந்தா, நீ இந்நேரம் ஹெட்மிஸ்ட்ரஸா ஆயிருப்பே."

"எந்தக் கடுதாசி?"

அவன் முகம் மாறியது. எனக்குத் தெரியும் என்றே நினைத்திருக்கிறான். பதினாறு வருஷமாக.

1968-இல் பயிற்சிக் கல்லூரிக்கு எழுதிப்போட்டிருந்தேன். நேர்முகத் தேர்வுக்குப் போய்வந்தேன். மூன்று மாதம் தினமும் தபாலுக்கு நின்றேன். ஒருநாள் அப்பா ஆபீஸிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "வரல. ஒம்பேரு வரல." அவ்வளவுதான். நான் அழவும் இல்லை. கெட்டிக்காரி இல்லை போல என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய் விளக்கைத் துடைத்தேன்.

வந்திருக்கிறது. தோட்டத்துத் தபால் எல்லாம் ஆபீஸுக்குத்தானே வரும். விறகடுப்பில் போட்டாராம். மோரிஸுக்கு அப்போது பதினைந்து வயது, பின்வாசலில் நின்று பார்த்திருக்கிறான். "யாருகிட்டயும் சொல்லாதடா, அவ போனா அம்மாவ யாரு பாத்துக்குவா" என்றாராம்.

அம்மாவுக்கு அப்போது சிறுநீரகம் கெட்டுப்போயிருந்தது. மூன்று வருஷம் நான்தான் பார்த்தேன். பிறகு அம்மாவும் இல்லை. அதற்குப் பிறகாவது சொல்லியிருக்கலாமே? எனக்கு இருபத்தொன்றுதானே? இன்னொரு தடவை எழுதிப்போட்டிருக்க மாட்டேனா? சொன்னால் சோறாக்க ஆள் போய்விடும் — அதானே?

"நீயாச்சும் சொல்லியிருக்கலாமேடா."

"நான் சின்னப் பையன் லா அக்கா. அப்புறம்... இப்ப அதெல்லாம் எதுக்கு?"

ஆமாம், எதுக்கு?

ஜூன் 2, சனி

காலையில் உடம்பு துடைத்துவிட்டுக் கேட்டேன். "அப்பா, அறுபத்தெட்டுல எனக்கு காலேஜ்லேருந்து லெட்டர் வந்துச்சா?"

என்னையே பார்த்தார். 

"வந்துச்சா, இல்லியா? வந்துச்சுன்னா கண்ண மூடுங்க."

அவர் கண்ணை மூடவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மூன்று மணிக்கு "போ" என்று கோப்பையைத் தட்டினார். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

ஜூன் 4, திங்கள்

மேசையை முன்னறைக்கு இழுத்துவந்துவிட்டேன்.

ஜூன் 9, சனி

கஞ்சி, மருந்து, பாத்திரம், புரட்டுவது. எதிலும் குறை வைக்கவில்லை. பேசுவது மட்டும் இல்லை. ஒரு வாரமாக இந்த வீட்டில் மனிதக் குரல் என்றால் அவருடைய "போ" மட்டுந்தான்.

மூன்று மணிக்கு முன்னறையில் உட்கார்ந்து உருட்டுகிறேன். தட்டில் பகடை விழும் சத்தம் அவருக்குக் கேட்கும், நடுவில் ஒரு பலகைச் சுவர்தானே. நேற்று வேண்டுமென்றே கொஞ்சம் உயரத்திலிருந்து போட்டேன். உள்ளே கட்டில் கம்பியைத் தட்டும் சத்தம். நான் உருட்டினால் அவர் தட்டுகிறார். நிறுத்தினால் நிறுத்துகிறார். ஒரு மணி நேரம் இப்படியே போயிற்று. பத்தே எட்டு வைத்தால் அந்த அறை. எழுந்து போகவில்லை.

நான் இவ்வளவு கெட்டவளா? தெரியவில்லை. இதுவரை கெட்டவளாக இருக்க நேரம் கிடைத்ததில்லை.

ஜூன் 16, சனி

இன்று மேசையை மறுபடி அவர் அறைக்கு இழுத்துப்போனேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. இடது கையால் கட்டிலைப் பிடித்து, தானே எழுந்து உட்காரப் பார்த்தார். தலையணை முட்டுக் கொடுத்தேன். வாயைத் துடைத்துவிட்டேன். சிரித்துக்கொண்டே செய்தேன்.

முன்பே முடிவு செய்துதான் போனேன். இதை மறைத்து எழுத மாட்டேன்.

உப்பு ஏரிக்கு இரண்டு கட்டம் இருந்தது. இசபெல் முன்னால், குள்ளன் பின்னால். வழி தப்பவில்லை. எதிர்ப்படுவது என்ன? உருட்டினேன். பாம்பு. அது கடிக்கப் பார்த்தது குள்ளனைத்தான், அதுகூடப் பகடை சொன்னதுதான், நான் சொன்னதில்லை. கடித்துவிட்டது. விஷம்.

விஷத்துக்கு ஒரு தடவை இருபது முகப் பகடை உருட்டலாம். குள்ளனுக்கு எட்டோ அதற்கு மேலோ விழுந்தால் பிழைத்துக்கொள்வான். கீழே விழுந்தால் அங்கேயே சாவு, வேறு பேச்சே கிடையாது. அப்பாவுக்கு இந்த விதி தெரியும். கோப்பையைக் கையில் வாங்கி, முன்போல் அவசரப்படாமல், இரண்டு தடவை குலுக்கினார். கவிழ்த்தார்.

பதினேழு.

வாயின் நல்ல பக்கம் மேலே போயிற்று. என்னைப் பார்த்தார்.

"வரல அப்பா," என்றேன். "நம்பர் வரல. செத்துட்டான்."

அவருக்கு விளங்கவில்லை. விரலால் பகடையைக் காட்டினார். போ, என்றார். நான் குனிந்து பார்த்தேன், கண் தெரியாதவள் மாதிரி. பிறகு ஒரு விரலால் பகடையைத் தட்டின் மேலேயே மெதுவாகப் புரட்டினேன். மூன்று மேலே வரும்வரை புரட்டினேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இதோ பாருங்க. மூணு. வரல."

குள்ளனின் தாளை எடுத்து நாலாகக் கிழித்தேன்.

அப்பா அழுது நான் பார்த்ததில்லை. அம்மாவைக் குழிக்குள் இறக்கியபோதும் கைக்கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இன்று அழுதார். வாய் ஒரு பக்கம் கோணி, சத்தம் வராமல், தோள் ஒன்று மட்டும் குலுங்கி. விளையாட்டுக்காக அழவில்லை. அந்த வார்த்தையை நான் எங்கிருந்து எடுத்தேன் என்று அவருக்குத் தெரியும்.

எனக்கு நன்றாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன். கழுத்திலிருந்து ஒரு பாரம் இறங்கின மாதிரி, அவ்வளவு நன்றாக இருந்தது.

ஜூன் 17, ஞாயிறு

காலையில் கஞ்சி சாப்பிடவில்லை. மதியமும்.

ஜூன் 19, செவ்வாய்

மூன்றாவது நாள். ஸ்பூனைக் கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொள்கிறார். வலுக்கட்டாயமாக ஊற்றினால் மார்பில் வழிகிறது. "அப்பா, சாப்புடுங்கப்பா, செத்துருவீங்க" என்று கத்தினேன். கத்திய பிறகு பயமாக இருந்தது.

நடராஜாவைக் கூப்பிட்டேன். அவர் ஸ்பூனை வாங்கி, "கிராணியாரே, கொஞ்சம்" என்றார். அப்பா வாயைத் திறந்தார். அரைக் கிண்ணம் சாப்பிட்டார். மிச்சத்தை நான் கொடுத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டார்.

நடராஜா வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "உங்க கையால வேணாங்கிறாரும்மா. என்னா நடந்துச்சு?"

ஒன்றுமில்லை என்றேன்.

ஜூன் 23, சனி

பாவசங்கீர்த்தனம். என்ன சொல்வது? பகடையில் பொய் சொன்னேன் சாமி, என்றேன். "சூதாட்டமா?" என்றார். இல்லை சாமி, விளையாட்டு. யாருக்கு நட்டம்? அப்பாவுக்கு. "பெரியவங்ககிட்ட விளையாட்டுல தோத்துக் குடுக்கறதுதான் மரியாதம்மா" என்று மூன்று தடவை அருள்நிறைந்த மரியே ஜெபம் சொல்லச் சொன்னார்.

சொன்னேன்.

ஜூன் 25, திங்கள்

கிழித்த தாளை ஒட்டி எடுத்துப்போனேன். "நான்தான் தப்பா பாத்துட்டேன் அப்பா. அவன் சாகல. வாங்க, ஏரிக்குப் போவோம்" என்றேன். கோப்பையை அவர் கையில் வைத்தேன்.

விரலை விரித்தார். கோப்பை தரையில் உருண்டது.

"போ" என்றார்.

தண்ணீர் இல்லை, பாத்திரம் இல்லை, கொசு இல்லை. முதல் தடவையாக அந்தச் சொல் என்ன சொல்கிறதோ அதையே சொன்னார்.

ஜூலை 8, ஞாயிறு

கஞ்சி ஊட்ட நடராஜாவால் தினமும் மூன்று வேளையும் வர முடியாது. மோரிஸ் விசாரித்து, செமிலிங் பக்கம் கன்னியர்கள் நடத்தும் முதியோர் இல்லத்தில் இடம் வாங்கிவிட்டான். பேட்ரிசியா இரண்டு புதுப் பைஜாமா தைத்துக் கொடுத்திருந்தாள். அப்பாவுக்காக அவள் செய்த முதல் காரியம்.

காரின் பின்சீட்டில் அவரைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு போனேன். சுங்கை பட்டாணி, பீடோங், செமிலிங். வழியெல்லாம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரப்பர்க் காடு வந்தபோது கண் அசைந்தது, மரம் எண்ணுகிறாரோ என்னவோ. ஒரு தடவையும் என் பக்கம் திரும்பவில்லை.

இல்லத்தில் சிஸ்டர் ரோசம்மா ஸ்பூனை எடுத்ததும் வாயைத் திறந்துகொண்டார். நான் வராந்தாவில் நின்று பார்த்தேன்.

திரும்பும்போது மோரிஸ் ரேடியோவைப் போட்டான். "இப்ப நீ உன் தாடிக்காவுக்குப் போலாம்ல அக்கா. எல்லாம் நல்லதுக்குத்தான் லா."

ஆகஸ்ட் 15, புதன். சுங்கை பட்டாணி

குணவதி வீட்டில் பின்னறை. அவளும் தாடிக்காவில் டீச்சர், தனி ஆள், அதிகம் பேசமாட்டாள். காலையில் முப்பத்திரண்டு பிள்ளைகள். என்னை "ச்செகு" என்கிறார்கள், சிலது "டீச்சர்". மூக்கு துடைப்பது, ஜிப் போட்டுவிடுவது, அ ஆ. நன்றாகத்தான் செய்கிறேன். யாரும் குறை சொல்லவில்லை. பதினாறு வருஷம் நினைத்து நினைத்துப் பார்த்தது இதைத்தானா?

பெட்டியைக் கொண்டுவந்திருந்தேன். மதியம் கதவைச் சாத்திக்கொண்டு இசபெல்லை மட்டும் தனியாக நடத்தினேன். இரண்டு கட்டம், யாரும் எதிர்ப்படவில்லை. ஏரி வந்தது. ஏரிக் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று உருட்டினேன். பட்டியலில் பார்த்தேன்: ஒன்றுமில்லை.

இன்னொரு தடவை உருட்டலாம். என்னைக் கேட்க யார் இருக்கிறார்கள்? உருட்டவில்லை. அப்படி விழுந்தால் அப்படித்தான். பெட்டியைக் குணவதியின் பரணில் ஏற்றிவிட்டேன்.

செப்டம்பர் 21, வெள்ளி

இரண்டு மாதத்தில் முதல் தடவையாகச் செமிலிங் போனேன். இளைத்திருக்கிறார். ஐம்பது கிலோகூட இருக்காது. இப்போது என்னால் தனியாகத் தூக்க முடியும்.

இடது கையை ஒரு துணிப்பட்டையால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள்.

"என்னா செய்யறது சொல்லுங்க," என்றார் சிஸ்டர் ரோசம்மா. "மத்தியானம் மூணு மணி ஆச்சுன்னா ஆரம்பிச்சிருவாரு. தட்டு, தம்ளர், ஜெபமால, என்னா கெடச்சாலும் குலுக்கிக் குலுக்கிக் கவுத்துருவாரு. ஒண்ணும் கெடைக்கலன்னா வெறுங்கையால கம்பியில அடிச்சிக்குவாரு. தோலெல்லாம் உரிஞ்சு போச்சு. பக்கத்துக் கட்டில் பெரியவரு மண்டையில தம்ளர் பட்டிருச்சு. ஏன் இப்படிச் செய்யறாருன்னு உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?"

தெரியாது சிஸ்டர், என்றேன்.

அவர் போன பிறகு முடிச்சை அவிழ்த்தேன். மணிக்கட்டில் சிவப்பு வளையம். கையை என் மடியில் எடுத்து வைத்துத் தேய்த்துவிட்டேன். இழுத்துக்கொள்ளவில்லை. அதனால் தைரியம் வந்தது.

"அப்பா, அன்னிக்குப் பதினேழுதான் விழுந்துச்சு. நான் பொய் சொன்னேன்."

என்னைப் பார்த்தார். லூனாஸில் லெட்டரைப் பற்றிக் கேட்டபோது பார்த்த அதே பார்வை. நான் காத்திருந்தேன். எதற்கு? அவரும் ஏதாவது சொல்வார் என்றா? ஒரே ஒரு சொல் வைத்திருக்கிறவர் என்ன சொல்ல முடியும்? கண்ணையாவது மூடியிருக்கலாம். மூடவில்லை.

கன்னத்தில் அறைந்தார்.

சின்ன வயதில் அடித்ததெல்லாம் வலது கையால். இது பழக்கமில்லாத கை. அப்படியும் வலித்தது. மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது. பக்கத்துக் கட்டில் பெரியவர் "சிஸ்டர், சிஸ்டர்" என்று கூவினார். சிஸ்டர் ஓடிவந்து, "பாத்தீங்களா, இதுக்குத்தான் கட்டி வெக்கிறோம்" என்று பட்டையை எடுத்தார்.  கட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

செப்டம்பர் 28, வெள்ளி

போனேன். அவிழ்த்தேன். அடிக்கவில்லை. கஞ்சி கொடுத்தேன், பல்லைக் கடித்துக்கொண்டார். தண்ணீர் மட்டும் குடித்தார்.

அக்டோபர் 12, வெள்ளி

ஒரு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். முகம் மழித்துவிட்டேன். நாலு ஸ்பூன் கஞ்சி இறங்கியது. ஐந்தாவதற்குப் பல்லைக் கடித்துக்கொண்டார், வற்புறுத்தவில்லை. மூன்று மணிக்குக் கை குலுக்க ஆரம்பித்தது. அடியில் என் கையைக் கொடுத்தேன். கம்பியில் படாமல் என் உள்ளங்கையில் விழுந்தது. அரை மணி நேரம் இருக்கும். பிறகு தூங்கிவிட்டார்.

ஐந்து மணிக்கு ஒரு கிழவிக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது, சிஸ்டர்கள் எல்லாரும் அங்கே இருந்தார்கள். எனக்கு ஐந்து இருபதுக்குப் பஸ். காத்திருந்து பார்த்தேன், ஒருவரும் வரவில்லை. வந்ததும் நான் அவிழ்த்த பட்டை கட்டில் காலில் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்பா விழித்துக்கொண்டார். பட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு தானே கையை நீட்டிக் கம்பியோரம் வைத்தார்.

நான் கட்டினேன். ஒரு விரல் நுழைகிற அளவுக்கு இடம் விட்டு, இரண்டு முடிச்சு. பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.